படிக்க ஓர் இடம், கேட்க ஓர் ஆள்

கார்த்திகை மாதம். கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு தொடங்கியிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைப் பார்க்க லைன் வீடுகளுக்குப் போயிருந்தோம். கையில் அச்சடித்த தாள்கள். ‘தேர்வில் வெற்றி பெறப் பத்து வழிகள்’ என்று தலைப்பு. அதிகாலை 4 மணிக்கு எழுந்திரு, அமைதியான அறையில் படி, மேசையைச் சுத்தமாக வைத்துக்கொள், வீட்டில் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள் என்று வரிசையாகப் போகும். எழுதியவர்கள் வேறு யாருமல்ல, நாங்கள்தான்.

பறிப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார் ஒரு தாய். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. தாளை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரை கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

“நானும் தெனமும் படி படின்னுதான் சொல்றேங்கண்ணா. இருக்கறது ஒரே ரூமு. அதுலதான் அடுப்பு, அதுலதான் டிவி, அதுலதான் அஞ்சு பேரும் படுக்கறோம். இவ எங்க உக்காந்து படிப்பா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

எங்களிடம் பதில் இல்லை. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மலையிறங்கினோம். அந்தத் தாய் கேட்டது எங்கள் பத்து வழிகளுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பொதுத்தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று இந்தப் பத்தியில் எழுதும்போது, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஒரே மலை, இரண்டு வகைப் படிப்பு

ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. ஏற்காடு வட்டத்தில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடி மக்கள். தோட்டக் குடியிருப்புகளில் அடிவாரத்திலிருந்து பிழைப்புக்கு ஏறிவந்த தலித் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். செடி நட்டவர்களும் பழம் பறித்தவர்களும் உழைக்கும் மக்கள். மலையின் பள்ளிக்கூடப் பெருமை மட்டும் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894இல் தொடங்கியது. மான்ட்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. எங்கெங்கோ இருந்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் இந்த மலைக்கு வந்து விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அதில் நமக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் விடுதிப் படிப்பு என்றால் என்ன என்று உற்றுப் பார்க்க வேண்டும். மாலையில் மணி அடிக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் உட்காருவார்கள். தலைக்கு மேலே நல்ல விளக்கு. எதிரே ஒரு மேசை. ஒரு ஆசிரியர் நடந்துகொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு. படிக்காவிட்டால் கேட்கவும் ஆள் உண்டு. இதைத்தான் வெளியில் ‘நல்ல படிப்புப் பழக்கம்’ என்கிறார்கள். அது அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே கொண்டுவந்த குணம் கிடையாது. கட்டணம் கட்டி ஏற்படுத்திக் கொடுத்த வசதி.

நம் பிள்ளையைப் பார்த்து மட்டும் “இவனுக்குப் படிப்பு ஏறாது, இவங்க வளர்ப்பு அப்படி” என்று சொல்லிவிடுகிறார்கள். இடமும் விளக்கும் இல்லாத குறை, கடைசியில் பிள்ளையின் புத்தியின் குறையாக, சாதியின் குறையாக எழுதப்படுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களே சில நேரம் அதை நம்பிவிடுகிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம்.

ஒற்றை அறையில் இரண்டு ஷிப்ட்

அண்ணல் அம்பேத்கர் பள்ளிப் படிப்பு படித்த காலத்தில் அவர்கள் வீடு, பம்பாய் பரேலில் தொழிலாளர்கள் நெருக்கி வாழ்ந்த கட்டடத்தில் ஒற்றை அறை. கொட்டச்சேட்டுத் தாய் சொன்ன அதே நிலைமைதான். தந்தை ராம்ஜி என்ன செய்தார்? மகனை முன்னிரவிலேயே தூங்க வைத்துவிட்டு, தான் விழித்திருந்தார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தான் படுத்துக்கொண்டார். ஊர் அடங்கிய அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் மகன் படித்தார். 1907இல் மெட்ரிக் தேர்வில் அவர் தேறினார். வாங்கிய மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு 38கூட வராது. அதே மாணவர்தான் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்.

மகனின் மன உறுதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்தத் தந்தை ஓர் அறையை நேரம் போட்டுப் பங்கு பிரித்துக்கொடுத்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. படிக்கும் பழக்கத்தை மகன் தனியாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அப்பாவும் மகனும் சேர்ந்து உண்டாக்கினார்கள்.

நம் பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். 1939இல் வெளியிட்ட தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாரும் பிராமணர்கள். தன் ஊரும் குலமும் தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களோ என்ற பயத்தில் யாருடனும் சேராமல், வெளியே எங்கேயாவது வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, வகுப்பு தொடங்கும் நேரத்தில் உள்ளே போனவர் அவர். படித்து மேலே வந்தார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அந்தத் தனிமையை நம் பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

முதலில் இடம்

மறுபடி கொட்டச்சேட்டுக்குப் போனோம். இந்த முறை தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. எந்த இடம் மாலையில் காலியாக இருக்கிறது, எங்கே விளக்கு எரியும், எந்தப் பாதையில் காட்டெருமை வராது என்று கேட்டோம். அந்த மலையில் இருட்டிய பிறகு பெண்பிள்ளை தனியாக நடந்து வர முடியாது. அதற்குக் காட்டெருமை மட்டும் காரணமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

பேசிப் பேசி முடிவானது இது. வழிபாட்டுக்காகப் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டகையைக் கேட்டு வாங்கினோம். மாலை 6.30 முதல் 8.30 வரை. ஒரு பாய், ஒரு குழல் விளக்கு, மின்சாரம் போனால் எரிய ஒரு சார்ஜ் விளக்கு. முடிந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் டார்ச் அடித்து எல்லாரையும் வீடு வரை கொண்டுபோய் விடுவது. வேலையை வாரத்துக்கு இரண்டு வீடு என்று முறை போட்டுக்கொண்டார்கள். பாடம் நடத்த ஆள் இல்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

இப்படிச் செய்ய எந்த நிதியும் தேவைப்படவில்லை. ஒரு குடியிருப்பில் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தாலே போதும். ஒன்றை மட்டும் விடக் கூடாது. தினமும் அதே நேரம், அதே இடம். நேரம் மாறினால் பழக்கம் உடைந்துவிடும். மூன்று மணி நேரம் ஒரு நாள், மறுநாள் ஒன்றும் இல்லை என்பதைவிட, நாள் தவறாமல் இரண்டு மணி நேரம் நல்லது.

புத்தகத்தை மூடி வைத்துப் படிப்பது

இடம் கிடைத்த பிறகு எப்படிப் படிப்பது என்பது வந்தது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் விடையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ஐந்தாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வுக் கூடத்தில் பேனாவை எடுத்தால் ஒரு வரி வராது.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்குச் சிறு பாடங்களைக் கொடுத்தார்கள். ஒரு சாராரை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். மறுபடி வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே.

ஆகவே கொட்டகையில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒரு விடையை இரண்டு முறை கவனமாக வாசி. புத்தகத்தை மூடு. நினைவில் வருவதை எழுது. திற. விட்டதைச் சிவப்பு மையில் சேர்த்துக்கொள். அதே விடையை மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை பார்க்காமல் எழுது. ஒரு நோட்டில் நாளைக் குறித்து வைத்துக்கொண்டால் எது பாக்கி என்று தெரியும். கணக்குக்கும் இதுதான். தீர்த்து வைத்திருக்கும் கணக்கை வாசித்துப் பயனில்லை. விடையைக் கையால் மறைத்துவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் வேலை இருக்கிறது. “எனக்கு என்ன தெரியும், நான் எப்படிக் கேக்கறது?” என்று அந்தத் தாய் கேட்டார். “புத்தகத்த நீங்க வாங்கி மடியில வெச்சுக்கங்கக்கா. பாக்காம சொல்லுன்னு மட்டும் சொல்லுங்க. தடங்கல் இல்லாம சொல்றாளா, முழிக்கிறாளா, அது உங்களுக்குத் தெரியும்” என்றோம். பிள்ளை முழிப்பது எந்தத் தாய்க்குத் தெரியாது?

தனியாகப் படித்துத் தோற்றவர்கள்

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் கணித ஆசிரியர் யூரி டிரைஸ்மன் ஒன்றைக் கவனித்தார். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றார்கள். ஏன் என்று சக ஆசிரியர்களைக் கேட்டார். அக்கறை இல்லை, அடிப்படை சரியில்லை, குடும்பச் சூழல் சரியில்லை, வறுமை என்று பதில்கள் வந்தன. நமக்குக் கேட்டுப் புளித்த பதில்கள்தான்.

டிரைஸ்மன் அந்த மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ தனியாகப் படித்த பிறகு ஒன்றாகக் கூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவற்றை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். கூடிக் கணக்குப் போடும் பட்டறைகளை அவர் ஏற்படுத்தினார். கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி தலைகீழாக மாறியது.

வகுப்பறையில் சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, கொட்டகையில் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டுவிடும். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். ஒரு எச்சரிக்கை: கூடி உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதினால் அது படிப்பாகாது. முதல் ஒரு மணி நேரம் அவரவர் தனியாக, அடுத்த ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது?

தேர்வு பற்றிய விவரமும் ஒரு சொத்துதான். படித்த பெற்றோர் உள்ள வீட்டில் அது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். நம் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

பாடம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 100. தேற 35. அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறையில் 15, எழுத்தில் 20 வாங்க வேண்டும். செய்முறைத் தேர்வு நடக்கும் நாட்கள் மலையில் மிளகு பறிக்கும் காலத்தை ஒட்டி வரும். அந்த நாளில் ஒரு பிள்ளைகூடத் தோட்டத்தில் இருக்கக் கூடாது.

கணக்கில் கடைசிப் பகுதியில் வடிவியல் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். வடிவொத்த முக்கோணம், தொடுகோடு எல்லாம் கைப்பழக்கம். காம்பஸ் பெட்டி ஒன்றும் தினமும் ஒரு படமும் இருந்தால், சூத்திரத்தைக் கண்டு பயப்படும் பிள்ளையும் இதில் வாங்கிவிடும். 14 ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குப் புத்தகத்தின் பயிற்சிகளைப் பார்க்காமல் போட்டுப் பழகலாம். பின்தங்கிய பிள்ளைக்கு இங்கிருந்து தொடங்கினால் நம்பிக்கை வரும். சமூக அறிவியலில் வரைபடம், காலக்கோடு, பொருத்துக ஆகியவற்றை முதலில் முடிக்கலாம். தமிழில் கடிதமும் படிவம் நிரப்புவதும் வரும். வீட்டுக்காக மனு எழுதி, சாதிச் சான்றுக்கும் ரேஷன் அட்டைக்கும் விண்ணப்பம் நிரப்பிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்த வேலை அவர்களுக்குப் புதிதில்லை.

“உங்களுக்கெல்லாம் பாஸ் ஆனாப் போதும்” என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க வேண்டாம். 35 என்பது வாசற்படி. முதலில் ஏறிவிட்டு, உள்ளே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும்.

பறிப்புக் காலமும் பள்ளிக்கூடமும்

மலையில் காப்பிப் பறிப்பு கார்த்திகையில் சூடுபிடித்துத் தை வரை போகும். அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வுகளும் அந்த மாதங்களில்தான். பறிப்புக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு எளிது. வீட்டில் ஒரு கூலி குறைவது அவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: பள்ளி நாளில் அனுப்பாதீர்கள். திருப்புதல் தேர்வு ஒன்றைக்கூட விட வேண்டாம். அது முழுப் பொதுத்தேர்வின் ஒத்திகை. எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று கை பழகுவது அங்கேதான்.

தேர்வு நாளில் 10 மணிக்குக் கூடத்தில் இருக்க வேண்டும். முதல் 10 நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் முழு வினாத்தாளையும் வாசித்து, நன்றாகத் தெரிந்த கேள்விகளை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். தெரிந்ததை முதலில் எழுது, கேள்வி எண்ணைச் சரியாகப் போடு, தெரியாததையும் வெறுமையாக விடாதே. மலைப் பேருந்தை நம்பி இருப்பவர்கள் அன்று ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். முந்தைய இரவு விழித்துப் படிப்பதைவிடத் தூங்கி எழுவது நல்லது.

தவறினால்

எங்கள் கொட்டகையில் ஒரு பையன் கணக்கில் தவறினான். அன்று மாலையே அவன் பையில் துணிகளை வைத்துவிட்டான், திருப்பூருக்குப் போக. அவன் அப்பாவிடம் பேசினோம். தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வரும், தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் இந்த ஆண்டே பிளஸ் ஒன்னில் சேரலாம் என்று சொன்னோம். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பையை அவிழ்க்கச் சொன்னார். பையன் எழுதித் தேறினான்.

பெண்பிள்ளை தவறினால் அந்த மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் இந்தத் தேர்வைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம். குரூப் 4 தேர்வுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி. பட்டியலினத்தவருக்கு 18 விழுக்காடும் அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் போராடிப் பெற்ற உரிமை. கையில் அந்தச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அது வெறும் எண். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் வழி பத்தாம் வகுப்பு வழியாகத்தான்.

கொட்டகையை நாங்கள் கேட்டு வாங்கினோம். இப்படிக் கெஞ்சிக் கேட்கும் நிலை இருக்கக் கூடாது. ஒவ்வொரு குடியிருப்பிலும் மாலையில் பூட்டிக் கிடக்கும் அங்கன்வாடியையோ சமுதாயக் கூடத்தையோ ஊராட்சி இரண்டு மணி நேரம் திறந்துவிடலாம். தெருவிளக்கை எரிய வைக்கலாம். தோட்ட நிர்வாகங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு அறை ஒதுக்கலாம். நலத்துறை விடுதிகளில் இடம் கேட்டு வரும் மலைப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். நம்மில் படித்து வேலைக்குப் போனவர்கள் வாரத்தில் ஒரு மாலை பாயில் வந்து உட்காரலாம். நாம் எல்லாரும் யாரோ ஒருவர் ஏற்றி வைத்த விளக்கில் படித்தவர்கள்தானே?

மாசி மாதம் ஒரு மாலை கொட்டச்சேட்டுக்குப் போயிருந்தோம். கொட்டகையில் விளக்கு எரிந்தது. அன்று பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடும் முறை அந்தத் தாயுடையது. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அறிவியல் புத்தகத்தைத் தலைகீழாக மடியில் வைத்தபடி மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மகள் பாதியில் நின்றாள். தாய் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தார்.

“இன்னும் இருக்குதுல்ல? சொல்லு” என்றார்.